கோயில்பிள்ளையின் இரு பக்கமும்

ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன். பதில் எனக்குச் சுலபமாகக் கிடைக்கவில்லை. அதனால் எதையும் விட்டுவிடாமல் சொல்லப் பார்க்கிறேன்.

தேரி என்னும் செம்மணல் மேட்டை ஒட்டிய ஒரு கிறிஸ்தவ ஊர். வாரம் இரண்டு முறை அங்கே தண்ணீர் லாரி வரும். லாரியை ஓட்டியவர் கோயில்பிள்ளை, அந்த ஊர்க் கோயில் சபையைச் சேர்ந்தவர். ஒரு நாள் அவர் லாரியைப் பின்னால் எடுத்தபோது, கடைசி ஆளாகக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பிய பெனிட்டா என்ற ஒன்பது வயதுப் பெண் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். தான் பின்னால் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் நீதிமன்றத்தில், "பிள்ளை திடீரென்று குறுக்கே ஓடி வந்தது" என்று சொன்னார். பார்த்த சாட்சி யாருமில்லை. அவரை விடுதலை செய்துவிட்டார்கள்.

தீர்ப்பைக் கேட்டுவிட்டு வந்த அன்று பெனிட்டாவின் தாய் தங்கபுஷ்பம் ஒன்றுதான் சொன்னாள். "இடுப்புல நிறைகுடத்தோட எந்தப் பிள்ளை ஓடும்?"

அந்த வீட்டில் மிஞ்சியவர்கள் மூன்று பேர். பகைவரை மன்னியுங்கள், அவர்களுக்காக ஜெபியுங்கள் என்ற கட்டளையை மூவரும் சிறுவயது முதல் கேட்டவர்கள்.

தந்தை ஞானதிரவியம் சபை மூப்பர். ஞாயிறு ஆராதனையில் பொது ஜெபம் ஏறெடுப்பது அவர் பொறுப்பு. நோயாளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், மழை என்று எல்லாவற்றுக்கும் ஜெபித்துவிட்டு, கடைசியில் கண்ணைத் துடைத்தபடி, "எங்கள் மகளைக் கொன்ற கோயில்பிள்ளையை மன்னியும் ஆண்டவரே" என்பார். சபை கண்ணீரோடு ஆமென் சொல்லும். மூன்று வருடங்களில் ஒரு ஞாயிறுகூட அவர் இதைத் தவறவிட்டதில்லை.

மகன் டேவிட்சன், வேலைக்குப் போக பூனாவுக்கு ரயில் ஏறும் நாளில் பையும் கையுமாகக் கோயில்பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நின்றான். "அண்ணாச்சி, உங்கள மன்னிச்சிட்டேன்" என்றான். கோயில்பிள்ளை அழுதுவிட்டார்.

"உள்ள வா தம்பி. ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போ."

"இல்ல அண்ணாச்சி, ஸ்டேஷனுக்குப் போற பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அதன் பிறகு அவன் ஊருக்கு வரவில்லை. ஞாயிறுதோறும் போனில், "நீங்களும் மன்னிச்சிருங்கம்மா, நிம்மதியா இருக்கும்" என்பான். "நீ அவரத் தெனமும் பாக்கலியே ஐயா" என்பாள் தாய்.

தங்கபுஷ்பம் மன்னிக்கவில்லை. பரமண்டல ஜெபத்தை எல்லாரோடும் சேர்ந்து சொல்வாள். எங்களுக்குக் குற்றம் செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல என்று வரும் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து; இயேசுவின் நினைவாகப் போதகர் எல்லாருக்கும் அப்பம் கொடுப்பார். பெண்கள் எல்லாரும் எழுந்து போனபின் அவள் மட்டும் தன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மனதில் கசப்பை வைத்துக்கொண்டு அப்பத்துக்குக் கை நீட்டினால் அது பொய் என்பது அவள் எண்ணம். அந்த அப்பத்துக்காக மூன்று வருடமாக அவளுக்கு ஏக்கம்.

இதற்கிடையே ஊர் கோயில்பிள்ளையோடு முகங்கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தது. திங்கட்கிழமை டீக்கடையில், "என்ன வே, இந்த வாரமும் உமக்கு ஜெபம் ஆச்சா?" என்று யாராவது கேட்பார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் மனைவி மகள் வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை. லாரியையும் விட்டுவிட்டார். கோயிலுக்கு வருவதை மட்டும் அவர் விடவில்லை. கடைசிப் பெஞ்சில் தனியாக உட்காருவார். திருவிருந்துக்கு ஆண்களின் கடைசி வரிசையில் போய், பீடத்துக்கு முன்னால் உள்ள மரக் கிராதியில் முழங்கால்படியிடுவார். அவருக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் மற்றவர்கள் முழங்கால்படியிடுவார்கள். யாரும் சொல்லித்தந்து வந்த வழக்கமில்லை அது.

ஒரு சனிக்கிழமை தங்கபுஷ்பம் கணவரிடம் சொன்னாள்: "நாளைக்கு அவரு பேரைச் சொல்லாதீங்க."

"சத்துருவுக்காக ஜெபிக்க ஆண்டவரு சொல்லியிருக்காருல்லா?"

"சொல்லியிருக்காரு. மைக்ல சொல்லச் சொல்லல."

ஞானதிரவியம் புண்பட்டுப் போனார். மறுநாளும் பெயரைச் சொன்னார்.

அன்று திருவிருந்து. ஆண்களின் கடைசி வரிசை கிராதிக்குப் போனது. அப்போது தங்கபுஷ்பம் எழுந்தாள். அந்தச் சபையில் ஆண்கள் வரிசையில் பெண் போவதில்லை. அவள் நேராகப் போய், கோயில்பிள்ளையின் வலப்பக்கம் காலியாக இருந்த இடத்தில் முழங்கால்படியிட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

போதகர் அப்பத்தட்டோடு அவள் முன் வந்து நின்றார். அவள் கையை நீட்டவில்லை.

"எனக்கு வேண்டாம் ஐயா. நான் இன்னும் மன்னிக்கல. இவரு ஒத்தைக்கு முழங்கால்ல நிக்காரு, அதான் வந்தேன்."

கதை இவ்வளவுதான். ஒருவர் பெயர் சொல்லி ஜெபித்தார். ஒருவன் வாசலுக்கே போய் மன்னித்தேன் என்றான். ஒருத்தி மன்னிக்கவில்லை என்று பீடத்தின் முன்னாலேயே சொன்னாள். இந்த மூவரில் பகைவனுக்காக உண்மையில் ஜெபித்தது யார்?

விடை: தங்கபுஷ்பம் என்று நினைக்கிறேன். ஞானதிரவியத்தின் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் அவர் ஜெபத்துக்குள் "கொன்ற" என்ற சொல் இருந்தது. ஆண்டவரை விட ஊர்தான் அதை நன்றாகக் கேட்டது. டேவிட்சன் மன்னித்தான், ஆனால் மன்னித்த கையோடு பஸ் ஏறிவிட்டான். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் அவனால் முடியவில்லை. தங்கபுஷ்பத்திடம் கொடுக்க மன்னிப்பு இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லாமல், இருந்ததை, அதாவது தன்னையே, கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள். அவளைக் கேட்டால் இந்த விடையை ஒப்புக்கொள்ள மாட்டாள். கோயில்பிள்ளை இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. அவளும் இன்னும் அப்பம் வாங்கவில்லை. முதல் ஞாயிறுதோறும் வெறுங்கையோடு அங்கே போய் முழங்கால்படியிடுகிறாள். அவருடைய இடப்பக்கம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.