பிள்ளையின் முகம்

“அம்மா, பிள்ளைக்கு முகமே விழமாட்டேங்குது.”

தங்கப்பழம் வாசலிலேயே நின்றார். கையில் ஒரு பழைய அச்சுக்கட்டை, குழந்தை மருந்து விளம்பரத்துக்குச் செய்தது.

இசக்கியம்மாளுக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். ஆனாலும் பழைய விளம்பரக் கட்டை சேர்க்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் குரு. சோப்பு, சீயக்காய், பல்பொடி, தைலம் என்று அந்தக் காலத்துக் கட்டைகள் அவள் அறை நிறையக் கிடந்தன.

“ஒரே ஒரு கட்டையை முழுசா அச்செடுத்துக் காட்டுங்க அண்ணாச்சி. அறைச் சாவியை உங்ககிட்டயே தாரேன்” என்று சொல்லியிருந்தாள்.

சாவி தனக்குத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

“கட்டையிலதான் கோளாறு. என் கை சுத்தம்” என்றார்.

“எங்க, அடிங்க பார்ப்போம்.”

மூலையில் கை அச்சுப்பொறி இருந்தது. மை தடவினார். தாளை வைத்தார். கைப்பிடியை இழுத்தார்.

தாளில் தாய் விழுந்தாள். சேலைக் கரை, வளையல், மருந்துப் புட்டி எல்லாம் அப்படியே விழுந்தன. மடியில் கிடந்த பிள்ளைக்கு மட்டும் முகம் இல்லை. அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

இசக்கியம்மாள் கட்டையின் மேல் விரலை ஓட்டினாள். பிள்ளையின் மூக்கும் முழியும் தேயாமல்தான் இருந்தன.

திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் பளபளவென்று மின்னியது.

“இங்க ஒண்ணும் ஒட்டியிருக்கலையா?”

“இருந்துச்சும்மா. கிழிஞ்ச காயிதம், மடிச்சு மடிச்சு. எந்த மடப்பய ஒட்டினானோ! உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டேன். இப்பப் பாருங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு.”

அவள் சிரித்தாள்.

“சட்டைப் பையில என்ன அண்ணாச்சி?”

“என் விசிட்டிங் கார்டு.”

“டீக்கடைக்காரர்கிட்டகூட ஒண்ணு இருக்கு. எனக்குத்தான் தரலை.”

அவருக்கு முகமெல்லாம் பல். ஒன்றை எடுத்து நீட்டினார். நல்ல கனத்த அட்டை. தங்கப்பழம், பழம்பொருள் சேகரிப்பாளர் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

அவள் அதை இரண்டாகக் கிழித்தாள்.

“அம்மா! அதுல என் பேரு இருக்கு!”

“ஆமா.”

ஒரு பாதியில் பசை தடவினாள். கட்டைக்கு அடியில், பிள்ளையின் முகத்துக்கு நேராக ஒட்டினாள். தாளைத் தொடாமல் தாழ்ந்து கிடந்த அந்த இடம் ஒரு நூல் உயர்ந்தது.

“இப்ப அடிங்க.”

கோபத்தோடுதான் இழுத்தார்.

தாளைத் தூக்கினார். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது. கீழே இரண்டு பால்பல்.

தங்கப்பழம் தாளைப் பார்த்தார். கட்டையைத் திருப்பி அடியில் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“முந்தி ஒட்டினது யாரா இருக்கும்மா?” குரல் இறங்கியிருந்தது.

“நீங்கதானே சொன்னீங்க. எவனோ ஒரு மடப்பய.”

அவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

இசக்கியம்மாள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நீட்டினாள்.

“இந்தாங்க, சாவி.”

“செத்த இருங்கம்மா” என்றார் தங்கப்பழம். “பிள்ளைக்குக் கால்விரல் இன்னும் விழலை.”

கிழிந்த மறுபாதியைத் தேடி எடுத்து, தானே பசை தடவினார்.