தோல்வாரில் விழுந்த வெட்டு

தென்காசியில் ஆவுடையப்பன் சலூனில் ஒரே ஒரு சட்டம்தான். சவரக்கத்தியைத் தீட்டும் தோல்வாரை யார் வெட்டினாலும், அவர் ஒரு வருஷம் கத்தியைத் தொடக் கூடாது. விளையாட்டுப் பேச்சில்லை. பெற்ற மகன் கொம்பையாவே அப்படி ஒரு வருஷம் முழுக்க முடி கூட்டிக்கொண்டும் துண்டு துவைத்துக்கொண்டும் கிடந்தான். மனுஷன் இரங்கவே இல்லை.

கல்லில் தீட்டும்போது கத்தியின் கூர்ப்பக்கம் முன்னால் போக வேண்டும். தோலில் இழுக்கும்போது முதுகுப்பக்கம் முன்னால் போக வேண்டும். திருப்புகிற இடத்தில் கை கொஞ்சம் அசந்தால் போச்சு. தோலும் வெட்டுப்படும், கூரும் மழுங்கும். "இங்க அசந்த கை நாளைக்கு ஒருத்தன் கழுத்துல அசராதா?" என்பார் ஆவுடையப்பன்.

கடையில் பழைய மடக்குக் கத்திகள் மூன்று. ஒன்று கொம்பையாவுக்கு, ஒன்று அவன் பெண்டாட்டி பேச்சிக்கு. பொம்பளை சவரம் செய்வதா என்று முகம் சுளித்தவர்கள்கூட இப்போது அவள் கைக்குத்தான் காத்திருக்கிறார்கள். மூன்றாவது பெரியவருடையது. தீட்டித் தீட்டி அகலம் பாதியாகிவிட்ட அந்தக் கத்தி அவர் சட்டைப்பையை விட்டு இறங்காது. வேறு யாராவது தொட்டால் கடை ரெண்டாகும்.

அன்று காலை முதல் ஆளாகக் கண்டக்டர் நவநீதன் வந்து உட்கார்ந்தார். கடையே வீடு என்று இருப்பவர்; முந்தின நாள் சாயங்காலமும் கடை சாத்துகிற வரைக்கும் எல்லோரோடும் கதையளந்துகொண்டு இங்கேதான் இருந்தார். ஆவுடையப்பன் கன்னத்தில் கத்தியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். கத்தி வழுக்கவில்லை, பிடித்தது.

"ஆ! அண்ணாச்சி, உயிர் போவுது!"

"தாடியா வச்சிருக்கீரு? கருவேலங்காடுல்லா வளத்திருக்கீரு!"

காய்ந்து கிடந்த கல்லுக்கு அன்றைய முதல் தண்ணீரைத் தெளித்துக் கத்தியைத் தீட்டினார். பிறகு வாரை இழுத்துப் பிடித்தார். மேல் முனையில், கட்டைவிரல் நீளத்துக்குப் புது வெட்டு.

"எவம்லே வெட்டுனது?"

"நான்தாம்ப்பா" என்றான் கொம்பையா.

"இல்ல மாமா, நான்தான். கை வழுக்கிட்டு" என்றாள் பேச்சி.

நாற்காலியிலிருந்து நுரை முகத்தோடு கண்டக்டர் எழுந்தார். "அவங்களை விடுங்க அண்ணாச்சி. நான்தான் சும்மா இழுத்துப் பாத்தேன். வேணும்னா ஒரு வருஷத்துக்கு நான் கத்தியைத் தொடல, போதுமா?"

"எந்தக் கத்தியால?"

கொம்பையா தன் கத்தியைக் காட்டினான். பேச்சி தன் கத்தியைக் காட்டினாள். கண்டக்டர் முழித்துவிட்டு, கொம்பையாவின் கத்தியையே காட்டினார். ஆவுடையப்பன் அந்த ரெண்டையும் வாங்கித் தன் முன்கையில் வைத்து இழுத்துப் பார்த்தார். ரெண்டும் முடியைச் சுத்தமாக வழித்தன.

ரெண்டையும் மடக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாரில் விழுந்த வெட்டை விரலால் தடவினார்.

கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள் சொல்லுங்கள். வாரை வெட்டியது யார்? கண்டக்டர் தலையில் பழியைப் போட்டால் யாருக்கும் பிழைப்புக் கெடாது. அப்படியிருக்க, ஆவுடையப்பன் என்ன செய்வது சரி?

விடை: வெட்டியது ஆவுடையப்பனேதான். மழுங்கியிருந்தது அவர் கத்தி ஒன்றுதான். அதில் வேறு கை படாது. மற்ற ரெண்டையும் வெட்டுக்கு அப்புறம் தீட்டியிருக்க வழியில்லை; வெட்டு விழுந்ததும் கடை சாத்தியாயிற்று, காலையில் கல் காய்ந்து கிடந்தது. முந்தின நாள் பேச்சு மும்முரத்தில் அவர் கை அசந்ததை மூவரும் பார்த்தார்கள்; அவர் ஒருவர்தான் பார்க்கவில்லை. இந்த வயதில் கீழே வைக்கிற கத்தியை மறுபடி எடுப்போமா என்று அவருக்குப் பயம்தான். கண்டக்டர் பொய்யைப் பிடித்துக்கொள்ள மனசு ஆலாய்ப் பறந்தது. ஆனால் கொம்பையா கூட்டின ஒரு வருஷத்துக்கு என்ன பதில்? "நான்தான்" என்று போட்டு உடைத்தாலோ, தன்மேல் உயிரை வைத்த மூன்று பேரையும் பொய்யர் என்று சொன்ன மாதிரி ஆகும். மனுஷன் ரெண்டையும் செய்யவில்லை. கண்டக்டரை நகரச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தார். யாரும் தொடாத தன் கத்தியைப் பேச்சியிடம் நீட்டினார். "இன்னும் ஒரு வருஷத்துக்கு எனக்கும் நீதாம்மா வழிச்சு விடணும்" என்று தாடையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அசையாம இருங்க மாமா" என்றாள் பேச்சி, அழுகையை அடக்கிக்கொண்டு.