காற்றுப் பை சிவந்த மாலை

“மேடம், நான் பேச வந்தவன். என் கையில எதுக்கு இந்த விளக்கு?”

கேட்டவன் இளம்பரிதி. உப்பளங்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன விமான நிலையத்தில், கட்டுப்பாட்டுக் கோபுரத்து வேலையைப் பழக வந்தவன். அதற்கு முன் ஊர் ஊராகக் கபடிப் போட்டிகளுக்கு மைக் பிடித்தவன். அவன் ரகசியம் பேசினாலே பக்கத்து ஊரில் நாய் எழுந்து உட்காரும்.

பயிற்சி கொடுத்தவர் ஜெசிந்தா. அவனைவிட நாலு வயது இளையவர்.

“ரேடியோ செத்துட்டா என்ன பண்ணுவீங்க சார்?”

“இன்னொண்ணு இருக்கே.”

“அதுவும் செத்துட்டா?”

“பேட்டரியில ஓடுற கைச் செட் இருக்கே.”

“விமானத்துல இருக்கிற ரேடியோவே செத்துட்டா?”

பரிதி வாயை மூடினான். அவன் ஆயுளில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை, பல் பிடுங்கிப் பஞ்சு வைத்தபோது.

அந்த விளக்கு கூரையிலிருந்து தொங்கியது. துப்பாக்கி மாதிரி குறி பார்த்துக் காட்ட வேண்டும். பச்சை என்றால், இறங்கு. சிவப்பு என்றால், இறங்காதே, சுற்று.

கீழே டீ கொண்டு வரும் சவரிமுத்து நடந்து வந்தார்.

“அவரை நிமிர வைங்க சார்.”

பரிதி குறி பார்த்தான். சவரிமுத்து நிமிரவில்லை.

“மேடம், நெத்தியிலேயே அடிக்கிறேன். மனுஷன் அசையலையே!”

“அவர் எங்கே பாக்கிறார்?”

“விளக்கைப் பாக்கலை.”

“நான் அதைக் கேக்கலை.”

தினமும் இதே கூத்து. டீக்காரர் பார்க்கவில்லை, பால் வண்டிக்காரர் பார்க்கவில்லை. ஒரு மயில் மட்டும் பார்த்தது. மின்னல் என்று நினைத்துத் தோகை விரித்து ஆடிவிட்டுப் போனது.

“மைக்கை எப்போ தருவீங்க மேடம்?”

“மயில் கிட்டயே கேளுங்க.”

ஒரு மாலை, தூறல். அந்த ஊர்க் காற்றைப் பற்றித் தெரியுமா? அடித்தால் காக்கை முன்னால் போகும், அதன் குரல் பின்னால் வந்து சேரும். அப்படி அடித்தது.

முதல் தடவையாகத் தனியே பறந்துவிட்டு, பர்வீன் என்ற பயிற்சிப் பெண் சின்ன விமானத்தில் இறங்க வந்துகொண்டிருந்தாள்.

புல் வெட்டும் டிராக்டர், புல்தரையான ஓடுபாதையைக் கடக்கும்போது அச்சு முறிந்து நடுவில் நின்றுவிட்டது. பச்சை டிராக்டர். மேலே இருந்து தூறலில் பார்த்தால் அதுவும் புல்தான்.

“பர்வீன், இறங்காதே! சுற்று!”

பரிதி யாரையும் கேட்காமல் மேசை மைக்கைப் பிடுங்கி ரேடியோவில் கத்தினான். அடுத்த ரேடியோவில் கத்தினான். கைச் செட்டில் கத்தினான். பக்கத்து ஊர் நாயெல்லாம் கேட்டது. பர்வீனுக்குக் கேட்கவில்லை. அவளுடைய ரேடியோ செத்திருந்தது.

ஜெசிந்தா டெலிபோனில் தீயணைப்பு வண்டியை விரட்டிக்கொண்டிருந்தார். “கயித்தைக் கட்டி இழுங்கய்யா, சீக்கிரம்!”

பரிதி விளக்கைப் பிடித்தான். சிவப்பு. விமானத்தின் முன் கண்ணாடியில் குறி தப்பாமல் அடித்தான்.

விமானம் இறங்கிக்கொண்டே வந்தது.

“கண்ணாடியிலேயே அடிக்கிறேன் மேடம்! பாக்க மாட்டேங்கிறா!”

ஜெசிந்தா டெலிபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“அவ எங்கே பாக்கிறா?”

பரிதி ஒரு கணம் கண்ணை மூடினான். மனசால் அவளுடைய இருக்கையில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் ஆள் இல்லை. காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. இந்தக் காற்றில் எதைப் பார்ப்பேன்?

கண்ணைத் திறந்தான். விளக்கை விமானத்திடமிருந்து முழுசாகத் திருப்பினான்.

ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தில், காற்றின் திசை காட்டும் நீண்ட வெள்ளைத் துணிப்பை விம்மிக்கொண்டிருந்தது. அதன்மேல் அடித்தான்.

பை சிவந்தது. ஆளுயர மிளகாய்ப் பழம் ஒன்று அந்தரத்தில் படுத்துக் கிடந்தது.

விமானத்தின் மூக்கு மேலே எழும்பியது.

டிராக்டர்க்காரரின் தலைத்துண்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு அது தாண்டிப் போயிற்று.

அவள் ஒரு வட்டம் சுற்றுவதற்குள் டிராக்டரை இழுத்துவிட்டார்கள். பரிதி விளக்கை மாற்றினான். பழம் காயானது.

வானத்தில் விமானம் தன் இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஆட்டியது. ‘பார்த்துட்டேன்’ என்று சொல்ல அதற்கு இருந்த ஒரே பாஷை அது.

சக்கரம் தரையைத் தொட்டது. தீயணைப்புக்காரர்கள் தொப்பியை மேலே எறிந்தார்கள். சைரன் தானாக ஊதியது என்று சவரிமுத்து இன்றுவரை சத்தியம் செய்வார். பர்வீன் குதித்து இறங்கி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்து ஓடி வந்தாள்.

ஜெசிந்தா தன் தலையிலிருந்து மைக்கைக் கழற்றி அவன் தலையில் மாட்டினார்.

அதில் இன்னொரு விமானம் கூப்பிட்டது. “கோபுரம், கேட்கிறதா?”

பரிதி பொத்தானில் விரலை வைத்தான். அழுத்தவில்லை. தூறலுக்குள் அந்த விமானத்தைத் தேடினான். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தான்.

பிறகு பேசினான்.

பக்கத்து ஊரில் ஒரு நாய்கூட எழவில்லை.