ஆறு தொகுதிகள், ஐந்து மண்டலங்கள்

இணையத்தோடு பேச வேண்டிய கருவிக்கு எண்ணாலான ஒரு முகவரி வேண்டும். பழைய முறை முகவரிகள் அளவோடு உண்டாக்கப்பட்டவை, தீர்ந்தால் தீர்ந்ததுதான். அவற்றைப் பெருந்தொகுதிகளாகக் கையில் வைத்துக்கொண்டு, உலகின் ஐந்து மண்டலங்களுக்கும் பங்கிட்டுவந்த கழகம் ஒன்று இருந்தது. பங்கிடும் பொறுப்பு காரைக்குடியில் பிறந்த உமையாளுடையது.

தேவையை நிரூபித்துக் கேட்பவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்பது கழகத்தின் விதி. எத்தனை கேட்டாலும் தொகுதிகள் ஒவ்வொன்றாகத்தான் கைமாறும். ஒன்று பதிவான பிறகே அடுத்தது.

ஆப்பிரிக்க மண்டலத்தின் சார்பில் பேசியவள் செனகல் நாட்டு அமினாத்தா. அந்த மண்டலத்தின் பல நாடுகளில் இணையத்தைக் கொண்டுவரும் கடலடிக் கம்பி இன்னும் கரை சேரவில்லை. இல்லாத தேவையை இருப்பதாகக் காட்டி முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொன்னார்கள் அவளுடைய ஆட்கள். அவள் மறுத்துவிட்டு உமையாளிடம் வந்தாள். எங்கள் முறை வரும்போது பானை காலியாக இருக்குமோ என்று கேட்டாள். இருக்காது என்று உமையாள் வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்குக்காகவே கழகத்தில் ஓர் உடன்பாட்டையும் நிறைவேற்றினாள்: கையிருப்பு ஐந்து தொகுதியாகும் கணத்தில் தேவை பற்றிய விதி முடிந்துவிடும், நிலுவையில் உள்ள கோரிக்கைகளும் அதோடு போகும், மண்டலத்துக்கு ஒன்று என்று பிரித்துவிட வேண்டும்.

ஆறு தொகுதிகள் இருந்த சமயத்தில் சிங்கப்பூரில் கூட்டம் நடந்தது. ஆசிய மண்டலத்தின் குணசீலன், ஈப்போக்காரன், இரண்டு தொகுதிகள் கேட்டான். கோரிக்கையில் பொய் இல்லை. கைபேசி வாங்கிய கோடிக்கணக்கான பேருக்கு இணைப்புத் தர வழியில்லை என்பதை எல்லோரும் சரிபார்த்து ஒப்புக்கொண்டார்கள்.

அமினாத்தாவின் மனத்தில் உடனே கணக்கு ஓடியது. ஆறில் இரண்டு போனால் மிச்சம் நான்கு. ஐந்து என்ற நிலையே வராமல் தாண்டிப்போகும். உடன்பாடு உயிர் பெறாது. எஞ்சிய நான்கும் தேவைப்படி போகும். தேவை என்று காட்ட அவளிடம் இன்று எதுவும் இல்லை.

“நான் பொய் சொல்லியிருந்தால் இந்நேரம் என் பங்கு என்னிடம் இருந்திருக்கும்,” என்றாள்.

இடைவேளையில் குணசீலன் உமையாளைத் தனியே அழைத்துப் போனான்.

“அக்கா, நீங்களும் நம்ம பக்கத்து ஆளுதானே. நான் சும்மா கேக்கல, விதிப்படிதான் கேக்குறேன். இரண்டையும் கொடுத்துடுங்க. அப்புறம் மிச்சம் நாலும் தேவைப்படிதானே போகும், அதுலயும் எங்களுக்கு ஒன்னு உண்டு.”

மறுத்தால் விதி மீறல். கொடுத்தால், பொய் சொல்ல மறுத்தவளுக்குத் தந்த வாக்கு போகும். உமையாள் காபியைத் தொடாமல் ஜன்னலோரம் நின்றாள். பிறகு உள்ளே போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்து பங்கீட்டைத் தொடங்கினாள்.

விதியும் கெடாமல் வாக்கும் தவறாமல் அந்த ஆறையும் அவள் எப்படிப் பிரித்தாள்? அப்படிப் பிரித்ததில் குணசீலனுக்கு அநியாயம் நடந்ததா?

விடை: கோரிக்கையை ஏற்று, முதல் தொகுதியைக் குணசீலனுக்குப் பதிந்து கொடுத்தாள். அந்தக் கணமே மிச்சம் ஐந்து. உடன்பாடு நடப்புக்கு வந்து, அவனுடைய மீதிக் கோரிக்கை ரத்தானது. மண்டலத்துக்கு ஒன்றாகப் பிரித்ததில் அவனுக்கு இன்னொன்று வந்தது. கேட்ட இரண்டும் கைக்கு வந்துவிட்டதால் அநியாயம் என்று சொல்ல இடமில்லை. அவன் இழந்தது மனத்தில் கணக்குப் போட்டிருந்த மூன்றாவது தொகுதியைத்தான். ஆனாலும் அவன் சொன்ன தேவை உண்மையானது. ஆசியாவின் இரண்டும் சீக்கிரமே தீர்ந்தன. இணைப்புக்குக் காத்துக் கிடந்தவர்களில் உமையாளின் சொந்த ஊர்க்காரர்களும் உண்டு. அவர்கள் போன் செய்து கேட்டபோது, பிரித்தது நான்தான் என்று மட்டும் சொன்னாள்.