ஆமை, வாளி, நாற்பத்தேழு

உலகம்மை அம்மாவிடம் கேள்வி கேட்க வருகிறவர்கள் தட்டில் பழம் கொண்டுவருவார்கள். மாசிலாமணி கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் சங்கிலி பிடித்த மனுஷன். ஓய்வு பெற்ற பிறகும் எதையாவது அளக்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் பொதிகை அடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் எல்லோருக்கும் அம்மாதான் குரு. அவர் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி, நோட்டை விரிக்கச் சொன்னார்.

கேள்வி இரண்டு செயலிகளைப் பற்றியது. இரண்டும் மாசிலாமணியின் போனில் இருந்தன. ஒன்று நடையை எண்ணுவது. மற்றது பாஸ்வேர்டுகளை எல்லாம் பூட்டி வைப்பது. நல்லதை இடப்பக்கமும் கெட்டதை வலப்பக்கமும் எழுதியிருந்தார்.

நடைச் செயலி வந்த பிறகு சர்க்கரை இறங்கிவிட்டது, நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்த டாக்டரே கைகொடுத்துப் பாராட்டினார். அது இடப்பக்கம். ஒருநாள் போனை மறந்துவிட்டு நாலு கிலோமீட்டர் நடந்து வந்தவர், ஐயோ கணக்கில் ஏறவில்லையே என்று போனை எடுத்துக்கொண்டு திரும்பவும் நாலு கிலோமீட்டர் நடந்ததில் முட்டி பூசணிக்காயாக வீங்கிவிட்டது. அது வலப்பக்கம்.

பாஸ்வேர்டு செயலி வருவதற்கு முன்னால் பேங்க், பென்ஷன், காஸ், இன்சூரன்ஸ் என்று சகலத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். எவனாவது ஒன்றைத் திருடினால் மொத்தமும் போச்சு. இப்போது ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத தனித்தனி பாஸ்வேர்டு. அதையெல்லாம் செயலியே ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதைத் திறக்கிற தாய்ப் பாஸ்வேர்டு ஒன்றை மட்டும் நாம் மறக்காமல் இருந்தால் போதும். மறந்தால் கடவுளே வந்தாலும் திறக்க முடியாது.

இந்த இடத்தில் சர்வேயரின் குரல் இறங்கியது. இன்னொரு தடவை நெஞ்சு வலி வந்து தான் போய்விட்டால், அவர் வீட்டம்மா செண்பகத்தால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. சொல்லிவிடலாமென்றால், யாரிடமும் சொல்லாதே என்று செயலி கட்டளை போட்டிருக்கிறது. நினைத்தாலே பயமாக இருக்கிறது என்று வெட்கத்தை விட்டுச் சொன்னார்.

"ரெண்டையும் வச்சுக்கிடவா, அழிச்சிரவா அம்மா?"

"அஞ்சு நாள் இங்க தங்குங்க. தினமும் ஆசிரமத்தைச் சுத்தி நடங்க. பொறவு சொல்லுதேன்."

நடக்கச் சொன்னால் அவருக்குக் கசக்குமா? அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்.

செயலி சொன்னபடி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொல்லைக் கோத்துத்தான் அவர் தாய்ப் பாஸ்வேர்டு வைத்திருந்தார். எழுதி வைக்கக் கூடாது, மறக்கவும் கூடாது. அதனால் ஆறு மாதமாக நடக்கும்போதெல்லாம் அதை வாய்க்குள் உருப்போடுவது வழக்கம். ஆசிரமத்தில் கைக்கு ஜபமாலை வேறு கிடைத்தது, கேட்க வேண்டுமா? காலையில் நூற்றெட்டு, சாயங்காலம் நூற்றெட்டு.

ஆனால் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். வாய்க்குள் என்று அவர் நினைத்தது பத்தடி தூரத்துக்குக் கேட்டது.

பன்னிரண்டு வருஷமாக அங்கேயே கிடக்கும் மூத்த சீடர் சடையப்பருக்கு வயிறு எரிந்தது. நேராக அம்மாவிடம் போய், எங்களுக்கெல்லாம் ஊருக்கே தெரிந்த மந்திரம், நேற்று வந்த சர்வேயருக்கு மட்டும் ரகசிய உபதேசமா என்று கேட்டார். நான் ஒன்றும் கொடுக்கவில்லை என்று அம்மா சொன்னதை அவர் நம்பவில்லை. குரு மறைக்கிறார் என்றால் சரக்கு பெரியதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

நாலாம் நாள் காலை மாசிலாமணி சமையற்கட்டுப் பக்கமாக நடந்துவந்தார். உள்ளே பத்துப் பதினைந்து பேர் தேங்காய் துருவிக்கொண்டே ராகம் போட்டு ஜபித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமை, வாளி, நாற்பத்தேழு, குடமிளகாய், தூத்துக்குடி."

சடையப்பர் நடுவில் உட்கார்ந்து பொருள் சொன்னார். ஆமை என்றால் புலனடக்கம். வாளி இந்த உடம்பு. ஒரு மண்டலத்துக்கு நாற்பத்தெட்டு நாள். இதை ஜபிக்கிறவனுக்கு ஒருநாள் முன்னதாகவே ஞானம் வந்துவிடும். குடமிளகாய், வெளியே பளபளப்பும் உள்ளே வெறும் காற்றுமான இந்த உலகம். தூத்துக்குடியில் கொஞ்சம் தடுமாறினார். பிறகு, அங்கே கடல் இருக்கிறதல்லவா, ஜீவன் போய்க் கலக்கிற இடம் அதுதான் என்று சமாளித்தார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மாசிலாமணிக்கு உயிரே போய்விட்டது. நெஞ்சுக்காக டாக்டர் கட்டச் சொன்ன கைக்கடிகாரம் கீச்சிட்டது. இதயத் துடிப்பு நூற்று முப்பத்தாறு, உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டது. அவர் அம்மாவிடம் ஓடினார்.

"போச்சும்மா, எல்லாம் போச்சு. அது மந்திரம் இல்ல. என் பாஸ்வேர்டு."

அம்மா சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். முடியவில்லை. சிரித்து ஓய்ந்த பிறகு, உடனே மாற்றிவிடச் சொன்னார். மாசிலாமணி அங்கேயே தரையில் உட்கார்ந்து, வேறு ஐந்து சொல்லைத் தட்டினார். வாயை இறுக மூடிக்கொண்டு மனசுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

"இப்ப என்னைத் தவிர இந்த உலகத்துல ஒரு ஆளுக்கும் தெரியாது" என்றார், வேர்வையைத் துடைத்தபடி. "வச்சுக்கிடவா, அழிச்சிரவான்னு நீங்க இன்னும் சொல்லலியே அம்மா?"

"அது ரெண்டும் அதது வேலையை ஒழுங்காத்தான் பாக்குது."

"அப்ப நான்?"

அம்மா அவரிடம் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார்.

"போன வாரம் உங்க வீட்டம்மா எனக்கு போன் பண்ணுனாக. ஆறு மாசமா இவுக ஆமை, வாளின்னு தனக்குத்தானே பேசுதாக, கிட்டப் போனா வாயை மூடிக்கிடுதாக, புத்தி பிசகிருச்சோன்னு ஒரே அழுகை. உங்களைப் பஸ் ஏத்திவிட்டதே அதுக்குத்தான்."

மாசிலாமணி போனைக் கீழே வைத்தார்.

"அப்ப அவளுக்கு எல்லாம் முன்னாடியே தெரியுமா?"

"பாஸ்வேர்டு தெரியும்" என்றார் அம்மா. "நீங்க பயந்துபோயிருக்கதுதான் தெரியாது."