நடுத்திட்டை மறைத்த குருவி

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனுஷனுக்கும் ஒரே பேச்சுதான். கடலோரச் சதுப்பைக் கடக்க வேண்டுமென்றால் முதலில் வழிக்குருவியைப் போய்க் கேட்பார்கள். நீளக் கால், கண்ணோரம் சிவப்புத் தோல், இன்றைக்கு ஆள்காட்டி என்கிறோமே, அதுதான். அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை. கத்தவும் கத்தாது. கேட்டதற்கு மட்டும் மெதுவாகப் பதில் சொல்லும், அவ்வளவு சாது.

சதுப்பைக் கடப்பது என்ன சாமானியமான காரியமா? விடிவெள்ளி முளைக்கும்போது கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் அக்கரை. மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஒரே ஒரு திட்டு. அதில் ஓர் உகா மரம், மரத்தடியில் சின்னதாக ஒரு நல்ல தண்ணீர் ஊற்று. உச்சிவேளைக்கு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்தோம். ஆனால் ஊற்றில் தண்ணீர் இருக்கிறதா, எந்தப் பக்கம் சேறு உள்ளே இழுக்கிறது என்பதெல்லாம் மழைக்கு மழை மாறும். அது வழிக்குருவிக்குத்தான் தெரியும்.

சதுப்புக்கு மேற்கே ஓர் ஊரில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். தலைப்பிள்ளை வயிற்றில், ஏழாம் மாதம். தாய்வீடு கடற்கரையில். அப்பா உயிரோடு இல்லை, அம்மாவுக்கு நடக்க முடியாது. அழைத்துப் போக ஆள் வராது என்று தெரிந்ததும் புருஷன் சடையனே கொண்டுபோய் விடுகிறேன் என்றான். முதல்நாள் சாயங்காலம் இரண்டு பேரும் சதுப்பின் ஓரத்துக்கு வந்தார்கள்.

“குருவி அக்கா, நாளைக்கு அம்மா வீட்டுக்குப் போறோம். வழி சொல்லு” என்றாள் காத்தாயி.

“போயிட்டு வா தங்கச்சி. உமரிச் செடி முளைச்ச இடமாப் பார்த்துக் கால் வை, தரை கெட்டியா இருக்கும். வெறுந்தரை பளபளன்னு மின்னினா கிட்டப் போகாதே, அடியில சேறு. கடல் காத்து பலமா அடிச்சா ஓடையில தண்ணி ஏறிடும், அதுக்கு முன்னால தாண்டிடுங்க.”

“மத்தியானம் நடுத்திட்டுல உக்காந்துக்கலாமில்ல?” என்று சடையன் கேட்டான்.

குருவி திட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. நடுத்திட்டில் மரத்தடியிலே, வெறும் மண்ணிலே, அதன் முட்டைகள் கிடந்தன. போன வருஷமும் அங்கேதான் இட்டிருந்தது. உப்புச் சுமந்து வந்தவர்கள் நிழலைக் கண்ட சந்தோஷத்தில் கீழே பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. பாவம், அந்த வயிற்றெரிச்சல் அதற்கு ஆறவே இல்லை.

“இந்த வருஷம் திட்டுப் பக்கம் போகாதீங்க” என்றது குருவி. “ஊத்து வத்திப் போச்சு. மரத்தடியில பாம்பு குடியிருக்கு. வடக்குப் பக்கமா ஒதுங்கி நடந்துடுங்க.”

“உக்காராம என்னால நடக்க முடியுமா அக்கா?”

“மெல்ல நடந்தா முடியும்” என்றது குருவி.

வழிக்குருவி அதுவரை பொய் சொன்னதில்லை. அதனால் அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு சுரைக்குடுக்கையில் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள்.

கூட்டுக்குத் திரும்பியதும் ஆண்குருவி கேட்டது: “முட்டை இருக்கு, பார்த்து உக்காருங்கன்னு சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா எடுத்துத் தின்னுடுவாங்க” என்றது பெண்குருவி.

மறுநாள் காலையில் நடை நன்றாகத்தான் இருந்தது. காத்தாயி பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள். சடையன் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறை சொன்னான். வெயில் ஏற ஏறப் பேச்சு நின்றது. உப்புத்தரை மின்னிக் கண் கூசியது. உச்சிவேளையில் தூரத்தில் உகா மரம் தெரிந்தது.

“ஏங்க, அந்த நிழல்ல கொஞ்ச நேரம் உக்காரலாமா?”

“பாம்பு இருக்குன்னு சொல்லிச்சே, புள்ள. இன்னும் கொஞ்சந்தான், நடந்துடு.”

அவள் திரும்பித் திரும்பி அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். முதல் குடுக்கை தீர்ந்தது. சடையன் தன் வாயை நனைக்காமல் இரண்டாவதையும் அவளுக்கே கொடுத்தான். அதுவும் தீர்ந்தது. மரம் முதுகுக்குப் பின்னால் போன பிறகு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உப்புத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். வரக்கூடாத நேரத்தில் வலி வந்துவிட்டது. சடையன் மேல்துண்டை விரித்து அவள் முகத்துக்கு நிழல் பிடித்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

திட்டில் முட்டைமேல் உட்கார்ந்திருந்த குருவிக்கு அந்த முனகல் கேட்டது. கேட்டபின் அதனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. முட்டைகளை வெயிலில் விட்டுவிட்டு ஊற்றுக்கு ஓடியது. தண்ணீர் எடுக்க அதனிடம் பாத்திரமா இருக்கிறது? நெஞ்சைத் தண்ணீரில் அழுத்தி இறகெல்லாம் நனைத்துக்கொண்டு பறந்தது. காத்தாயியின் உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டது. மறுபடி ஓடியது, மறுபடி வந்தது.

காத்தாயி நாக்கால் உதட்டைத் தடவினாள்.

“நல்ல தண்ணியா இருக்கே” என்றாள். “ஊத்து வத்திப் போச்சுன்னு சொன்னியே அக்கா?”

குருவி தலையைக் குனிந்துகொண்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னது.

சடையன் கல்லைத் தேடினான். அந்தச் சதுப்பில் கல் ஏது? காத்தாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் பிள்ளை பிறந்தது. அழவே இல்லை. உமரிச் செடிக்குப் பக்கத்தில் சடையன் கையாலேயே மண்ணைத் தோண்டி அதை வைத்து மூடினான். குருவி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

போகும்போது காத்தாயி அதனிடம் சொன்னாள்: “முட்டை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தள்ளி ஒரு ஓரமா உக்காந்து எழுந்து போயிருப்பேனே. நானும் ஒண்ணைச் சுமந்துக்கிட்டுத்தானே வந்தேன். எனக்கா தெரியாது?”

அதற்குப் பிறகு அவள் அந்தக் குருவியோடு பேசவில்லை. மற்றவர்களும் வழி கேட்க வரவில்லை.

குருவியின் முட்டைகள் எல்லாமே பொரிந்தன. குஞ்சுகள் உகா மர நிழலில் ஓடி விளையாடின. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு உமரிச் செடிப் பக்கம்தான் கண் போயிற்று. அடித்துக்கொண்டு அழுது என்ன ஆகப்போகிறது?

மற்றப் பறவைகள் முட்டையை ஒளித்து வைத்து வாயைத் திறக்காமல் இருக்கின்றன. ஆள்காட்டி மட்டும் மனுஷன் தூரத்தில் தலைகாட்டியதுமே எழும்பி, சுற்றிச் சுற்றிக் கத்தித் தன் முட்டையைத் தானே காட்டிக்கொடுக்கிறது. வெயில் காலத்தில் நெஞ்சிறகை நனைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் சதுப்பில் நடப்பவர்கள் நின்று, காலடியைப் பார்த்து, சற்று விலகிப் போவார்கள். அன்று காத்தாயி கேட்டபோது சொல்லாத அந்த ஒரு வார்த்தையைத்தான், அந்தப் பகலிலிருந்து அது யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.