முன்னே ஓட்டம், பின்னே நடை

ராஜா காலத்தில் பிக்கப் வண்டி ஏது என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். மற்றவர்கள் கேளுங்கள்.

கொன்றைக்கோட்டை ராஜா குலபூஷணரிடம் ஒரு பிக்கப் இருந்தது. ஒரு குறையும் இருந்தது. ஆள் குள்ளம். அரண்மனையில் யாராவது உயரம் என்று வாயைத் திறந்தால், மறுநாள் முதல் அவருக்கு யானைக் கொட்டில் பெருக்கும் வேலை.

பக்கத்து நாட்டு ராஜா பிரதாபரிடமும் அதே மாதிரி பிக்கப்தான். ஆனால் ஆள் பனைமரம். இரண்டு வண்டியும் பக்கத்தில் நின்றால் பிரதாபர் குனிந்து பார்த்துத்தான் நலம் விசாரிப்பார். நம்ம ராஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு அங்குல டயரைக் கழற்றி எறிந்துவிட்டு, முப்பத்தைந்து அங்குல டயரை மாட்டினார்.

அன்றிலிருந்து வண்டிக்குச் சீக்கு. சமதரையில் ஊர்ந்தது. ஆந்தைமலை ஏற்றத்தில் முதல் கியரிலேயே முக்கி முனகிப் படுத்துவிட்டது. வெள்ளிக்கிழமையோ அந்த மலைமேல் பிரதாபருக்கு விருந்து!

ராஜா விகடகவி பூவராகனைக் கூப்பிட்டார். பூவராகன் பொழுது போகாவிட்டால் பட்டறையில் போய் உட்கார்ந்து அரட்டை அடிக்கிறவன். விஷயம் தெரிந்தவன்.

"மகாராஜா, டயர் கால் பங்கு பெருத்துவிட்டது. அதைச் சுற்றுகிற பாடும் அவ்வளவு கூடிவிட்டது. இப்போது அச்சுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரம் நாலு சுற்று சுற்றினால் டயர் ஒரு சுற்று சுற்றும். அதை ஐந்து சுற்றாக்கினால் பழைய பலம் வந்துவிடும். முன் அச்சு, பின் அச்சு, இரண்டிலும் மாற்றவேண்டும்."

"வேகம்?"

"பழைய வேகம்தான்."

ராஜாவின் முகம் தொங்கிப்போனது. பூவராகனைக் கண்டாலே ஆகாத தளவாய் வீரபாகு, இதுதான் சமயம் என்று முன்னே வந்தார்.

"மகாராஜா, மூன்று சுற்றுப் பல்சக்கரம் போட்டால் சமதரையில் வண்டி பறக்குமாம். முன் அச்சில் மூன்று போடுவோம். பின் அச்சில் ஐந்து போடுவோம். முன்பக்கம் பறக்கும், பின்பக்கம் தள்ளும்!"

"பலே!" ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தார்.

"ஐயோ, வேண்டாம்!" என்று பூவராகன் பதறினான். "ஏற்றத்தில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கவேண்டும். முன்னது ஒரு கணக்கு, பின்னது ஒரு கணக்கு என்றால்..."

"நிறுத்து! உன் கணக்கைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை சுற்றுகிறது. நாளை மதியத்துக்குள், கணக்கு ஒரு வார்த்தை பேசாமல், என் வண்டியைத் தொடாமல், எனக்குப் புரியவை. முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பின்னால் நின்று மலை உச்சி வரை நீதான் தள்ளவேண்டும்."

"தோளுக்குத் தைலம் என் செலவு" என்றார் தளவாய்.

அப்போதே பட்டறைக்கு ஓலை எழுதி முத்திரையும் வைத்தாயிற்று: 'முன்னால் இருப்பது பாய்ந்து ஓடுக. பின்னால் இருப்பது நிதானமாகத் தள்ளுக. இது ராஜ கட்டளை.'

பூவராகன் தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அவன் உடம்போ அகப்பைக் காம்பு. அவன் தள்ளி வண்டியா, மலையா! ஓலையை இன்னொரு முறை படித்தான். முகம் மெல்ல மலர்ந்தது.

"பட்டறைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் மகாராஜா" என்றான்.

மறுநாள் காலை ராஜா வழக்கம்போல் பல்லக்கில் கோயிலுக்குக் கிளம்பினார். முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். அரண்மனை வாசலைத் தாண்டியதுதான் தாமதம், முன்னால் இருந்த நாலு பேரும் தலைதெறிக்க ஓட ஆரம்பித்தார்கள். பின்னால் இருந்தவர்கள் ஆடி அசைந்து நடந்தார்கள்.

"டேய்! நில்லுங்கடா!" என்று பல்லக்குக்குள்ளிருந்து ராஜா அலறினார்.

"முடியாது சாமி! பாஞ்சு ஓடச் சொல்லி ராஜ கட்டளை!" என்றது முன்பக்கம்.

"எங்களுக்கும் கட்டளைதான் சாமி! நிதானமாத் தள்ளணுமாம்!" என்றது பின்பக்கம்.

மூங்கில் தண்டு நெளிந்தது, முறுகியது, படாரென்று இரண்டாக முறிந்தது. ராஜா பறந்துபோய்க் கீரைக்காரியின் கூடையில் உட்கார்ந்தார்.

"எந்த மடையன் போட்ட கட்டளை இது?"

பூவராகன் ஓடிவந்து பணிவாக ஓலையை நீட்டினான். ராஜா முத்திரையைப் பார்த்தார். தன் விரல் மோதிரத்தைப் பார்த்தார். அவசரமாகக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"இது வண்டிக்கு எழுதியதல்லவா?"

"வண்டி என்று ஓலையில் இல்லையே மகாராஜா! போகிற வழியில் இவர்களிடம் வாசித்துக் காட்டினேன். கணக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியையும் தொடவில்லை."

ராஜா மீசையிலிருந்து முளைக்கீரையைப் பிய்த்துப் போட்டார். "இரண்டிலும் ஐந்தே போடச் சொல்" என்றார்.

வெள்ளிக்கிழமை வண்டி ஆந்தைமலையில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. உச்சியில் பிரதாபரின் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது. வாழ்க்கையில் முதல் முறையாக நம்ம ராஜா குனிந்து, "சௌக்கியமா?" என்று கேட்டார். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பூவராகா, என்ன வேண்டுமோ கேள்!"

"ஒரு உண்மையைச் சொல்ல உயிர்ப்பிச்சை வேண்டும் மகாராஜா."

"கொடுத்தேன். சொல்."

"டயர் ஏழு அங்குலம் பெருத்தாலும் பாதி அச்சுக்கு மேலே போய்விடும், பாதிதான் கீழே. வண்டி உயர்ந்தது நாலு விரல்கடை. அதற்குச் சீட்டில் ஒரு தலையணை போட்டிருந்தாலே போதும்."

பூவராகன் யானைக் கொட்டில் பெருக்க நல்ல துடைப்பமாகத் தேடலாமா என்று தளவாய் யோசித்தார்.

"ஏனய்யா முதலிலேயே சொல்லவில்லை?"

"உயரத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது உத்தரவு. தாங்களும் பல்சக்கரத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள்!"

ராஜா சிரித்தார். கிரீடம் கழன்று உருண்டு ஓடும்வரை சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பூவராகனுக்குப் போட்டார். தளவாயையும் மறக்கவில்லை. அவருக்கு அன்றே ஒரு புதுப் பதவி கொடுத்தார். ராஜா போகும் இடமெல்லாம் தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வரவேண்டும்.

"ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும் தளவாயாரே" என்றார் ராஜா. "முன்னால் போகிற நான் எந்த வேகமோ, பின்னால் வருகிற நீரும் அதே வேகம்!"